“ரத்தம் கொடுக்கப் போனேன், திருப்பி அனுப்பிட்டாங்கக்கா!” - பென்னலூர் ரூமில் பிறந்த கேள்வியும் செங்கம் ராஜம்மாளின் கதையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்னலூர்த் தெருக்களில் நடந்தால், வாசல்களைப் பார்த்தே எந்த ரூமில் யாருக்கு என்ன ஷிஃப்ட் என்று சொல்லிவிடலாம். செருப்புகள் வரிசையாகக் கிடந்து கதவு சாத்தியிருந்தால், உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்குகிறார்கள். கொடி முழுக்க யூனிஃபார்ம் காய்ந்தால், அங்கே வார விடுமுறை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நாலா பக்கமும் கம்பெனி பஸ்கள் கிளம்புகிற ஊர் இது. நெடுஞ்சாலையை ஒட்டிய இன்ஜினீயரிங் காலேஜுக்காக இந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம். உள்ளே நுழைந்தால் வேறு ஊர். வாடகை ரூம்கள், மெஸ்கள், மொபைல் ரீசார்ஜ் கடைகள், டீக்கடைகள்.

அப்படி ஒரு ரூமில்தான் என் சித்தி மகள் இருக்கிறாள். வயது 20. சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயாலஜி குரூப். முடித்த கையோடு ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்கு வந்துவிட்டாள். ஆறு பேர் சேர்ந்து ஒரு ரூம். போன மாதம் பார்க்கப் போனபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“கம்பெனில பிளட் கேம்ப் வெச்சாங்கக்கா. ஜூஸ் கொடுப்பாங்கன்னு நானும் போய் லைன்ல நின்னேன். விரல்ல குத்திப் பார்த்துட்டு, ‘உனக்கே ரத்தம் பத்தலம்மா, போய் நல்லா சாப்பிடு’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க ரூம்ல நாலு பேர் போனோம். மூணு பேரு ரிட்டன்!”

ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். அவளுக்கு 9.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-க்கும் கீழே போய்விட்டால் அது லேசான ரத்தசோகையும் இல்லை, மிதமான வகை. ‘மிதமான’ என்ற வார்த்தையைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தால் கண் இருட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

அவள் அடுத்துக் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “அங்க இருந்த நர்ஸக்கா நான் என்னென்ன சாப்பிடுறேன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதுனாங்க. டீயை சாப்பாட்டோட குடிக்காத, கீரையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சிக்கோன்னு பத்து நிமிஷம் புரியுற மாதிரி சொன்னாங்க. ஸ்கூல்லகூட இப்படி யாரும் சொல்லிக்குடுத்ததில்ல. இதையே படிச்சு, இதையே சொல்லிக்குடுக்குற வேலைக்குப் போக முடியுமாக்கா? நீ பத்திரிகையிலதானே இருக்க... விசாரிச்சு சொல்லேன்.”

விசாரித்தேன்.

தட்டில் என்ன இருக்கிறது?

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. முந்தின நாள் காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டதையெல்லாம் எழுதச் சொன்னேன். ஊட்டச்சத்துப் படிப்பில் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்கிற கருவிகளில் ஒன்று இது. ‘24 மணி நேர நினைவு’ முறை என்பார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. எழுத ஆரம்பித்தால்தான் தெரிகிறது, நாம் சாப்பிட்டதில் பாதி நமக்கே ஞாபகம் இல்லை.

தங்கச்சிக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். மதியம் 2 முதல் இரவு 10 வரை. காலை 10 மணிக்கு எழுந்து டீ, பன். கிளம்பும் முன் மெஸ்ஸில் லெமன் சாதம், உருளைக்கிழங்கு. இடைவேளையில் டீ, சமோசா. கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதம், ரசம். பொரியல் பிடிக்கவில்லையென்று வைத்துவிட்டாள். ரூமுக்குத் திரும்பியதும் ஆறு பேரும் சேர்ந்து நூடுல்ஸ், ஆளுக்குப் பாதி ஆம்லெட். நடுநடுவே மொத்தம் நான்கு டீ.

வயிறு நிறைந்திருக்கிறது. பசி என்று எங்கேயும் சொல்ல முடியாது. ஆனால், வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. ஆணுக்கு 19 போதும். அவள் எழுதிய பட்டியலில் கீரை இல்லை, பயறு இல்லை, பழம் இல்லை. இருந்த கொஞ்சநஞ்ச இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்க நான்கு டீ!

இவள் ஒருத்தியின் கதை என்றால் அக்காவாக நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது. சோறு கிடைக்காத பிரச்னை பெருமளவு தாண்டிவிட்டது. சோற்றுக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பகுதியில் சாப்பாடு ஒருமுறை நடுரோட்டுக்கே வந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் ஊழியர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. அதன்பின் 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பிரமாண்ட விடுதியை அரசு திறந்தது. கெட்டுப்போன சாப்பாடு ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும், அதனால் செய்தியாகிவிடும். சத்தில்லாத சாப்பாடு அப்படியில்லை. அது பல வருடம் எடுத்துக்கொள்ளும். அதற்காக யாரும் ரோட்டை மறிப்பதில்லை.

“எங்க ஊரா?”

தங்கச்சிக்காக, ‘தமிழ்நாட்டில் ஊட்டச்சத்தைப் பாடமாக நடத்தி வாழ்நாளைக் கழித்தவர் யார்?’ என்று தேடியபோது முதலில் வந்த பெயர் ராஜம்மாள் பாக்கியநாதன் தேவதாஸ். பிறந்த ஆண்டு 1919. பிறந்த ஊரைப் பார்த்ததும் போனைப் போட்டேன்.

“செங்கமா? எங்க ஊரா? சும்மா சொல்லாதக்கா!”

செங்கமேதான். அந்தக் காலத்தில் வட ஆற்காடு மாவட்டம். அங்கிருந்து சென்னை ராணி மேரிக் கல்லூரிக்கு வந்து மனையியல் படித்தார் ராஜம்மாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கொஞ்ச காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதுகலை முடித்து, 1950-ல் ஊட்டச்சத்தில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். அன்றைக்குச் செங்கத்திலிருந்து மெட்ராஸ் போவதே ஒரு பயணம். ஒரு பெண் கடல் தாண்டிப் போய் உணவைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்குகிறார் என்றால், ‘சமையல் படிக்க அமெரிக்காவுக்கா?’ என்று யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்! இன்றைக்கே கேட்கிறார்களே. நியூட்ரிஷன் என்றதும் என் சித்தியின் முதல் கேள்வியும் அதுதான்: “சமையல் கோர்ஸாடி அது?”

திரும்பி வந்த ராஜம்மாள் பரோடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மத்திய அரசின் உணவு, வேளாண் அமைச்சகத்திலும் பணியாற்றினார். டெல்லியிலேயே பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால், 1960-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டார். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் 1957-ல் தொடங்கிய பெண்கள் மனையியல் கல்லூரிக்கு முதல்வராக. அந்தக் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபோது அதன் முதல் துணைவேந்தர் அவர். பிறகு வேந்தர். 1992-ல் பத்மஸ்ரீ. 2002-ல் மறையும் வரை அவர் பெயரும் அந்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே உச்சரிக்கப்பட்டன.

பதவிகளை அடுக்கினால் ஒரு பாரா போதும். எனக்குப் பிடித்தது அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்பது.

‘குழந்தை அமுது’ என்று ஒரு மாவு. தாய்ப்பாலோடு இணை உணவு ஆரம்பிக்கும் குழந்தைக்கு டப்பா உணவு வாங்க முடியாத வீடுகளுக்காக, ராஜம்மாளும் அவர் குழுவினரும் உருவாக்கிய கலவை. வறுத்த கேழ்வரகோ சோளமோ, அந்தந்த ஊரில் விளைகிற ஒரு தானியம். அதோடு பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம். அவ்வளவுதான். தானியத்தின் புரதத்தில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் பயறில் உண்டு. பயறில் குறைவானது தானியத்தில் உண்டு. நிலக்கடலை கலோரியைக் கூட்டுகிறது. வெல்லம் குழந்தையைச் சாப்பிட வைக்கிறது. இதிலே எதற்கும் கடைக்கு ஓடத் தேவையில்லை. நம் பாட்டிகள் கிண்டிய சத்துமாவுதானே என்று கேட்கலாம். ஆமாம், அதேதான். எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தால் குழந்தையின் தேவைக்குச் சரியாக வரும் என்று அளந்து, அடுத்த ஊர் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஆக்கியதில்தான் படிப்பு இருக்கிறது.

இன்னோர் ஆய்வு 1980-ல் வந்தது. பப்பாளியிலும் தண்டுக்கீரை வகையிலும் இருக்கிற பீட்டா கரோட்டின், பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் உடலில் எவ்வளவு சேர்கிறது என்று ராஜம்மாளும் இரண்டு சகாக்களும் அளந்தார்கள். இது ஏன் முக்கியம் என்றால், வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்த காலம் அது. 1970 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் நாடு முழுக்க ஓடியது. அவசரத்துக்கு அது வேண்டும்தான். அதே நேரம் கொல்லையில் காய்க்கிற பப்பாளியால் என்ன முடியும் என்றும் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும் அல்லவா? இங்கே அளந்தது ஒரு பெண்கள் கல்லூரி. 1960-களிலேயே கோயம்புத்தூரிலிருந்து ஊட்டச்சத்துக்கென்று ஓர் ஆய்விதழும் வர ஆரம்பித்து, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

1974 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தது. உலகச் சந்தையில் தானிய விலை எகிறி, வங்கதேசத்தில் பஞ்சம் தாக்கிய வருடம் அது. பத்தே ஆண்டுகளில் உலகத்தில் எந்தக் குழந்தையும் பசியோடு தூங்கக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் முழங்கிய மேடை. அந்த மாநாட்டில் செங்கத்து ராஜம்மாளும் இருந்தார். பத்து வருடக் கணக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். ஆனால், தமிழ்நாட்டில் அந்தப் பத்து வருடத்துக்குள் ஒன்று நடந்தது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மதிய உணவு, 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அதை ஆய்வு செய்து ஆவணமாக எழுதியவர்களில் ராஜம்மாளும் ஒருவர். மாநிலத் திட்டக்குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

வகுப்பில் நடத்துகிற பாடம், ஆய்வுக்கூடத்தில் அளக்கிற மாவு, அரசு போடுகிற உத்தரவு, ரோம் நகரத்து மேடை. இந்த நாலும் ஒரே வேலையின் பகுதிகளாக இருக்க முடியும் என்பதை ராஜம்மாளின் வாழ்க்கையைப் படித்தபிறகுதான் நானே தெரிந்துகொண்டேன். ‘குளோபல் பப்ளிக் ஹெல்த்’ என்று இன்று ஸ்டைலாகச் சொல்கிறோமே... அதைத்தான் அவர் பப்பாளியையும் கேழ்வரகையும் வைத்துச் செய்திருக்கிறார்.

குன்னூர் எலிகள்

இந்தப் பாடத்துக்கு நம் மண்ணில் இன்னும் பழைய வேர் உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராய, ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய வேலைதான் பிற்பாடு ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

மெக்காரிசன் 1920-களில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. நம் ‘மதராஸி’ சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில்! தீட்டிய அரிசியும், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சமும் என்ற தட்டுக்குக் கிடைத்த மார்க் அது. தங்கச்சி எழுதிய பட்டியலை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். நூறு வருடத்தில் நூடுல்ஸ்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

முழுக்க மானம் போகவில்லை. பெரிபெரிக்குக் காரணம் வைட்டமின் பி1 குறைபாடு. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி சாப்பிட்டவர்களை அந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. இட்லிக்கு ஊறப்போடும் அரிசியில் இவ்வளவு இருக்கிறது.

மெக்காரிசனுக்குப் பிறகு குன்னூர் ஆய்வகத்துக்கு இயக்குநரான அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937-ல் சின்னப் புத்தகமாகப் போட்டார். பின்னாளில் ஐ.நா-வின் உணவு வேளாண் நிறுவனத்தில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநரானார். குன்னூரிலிருந்து ரோம் வரை ஒரு பாதை அப்போதே போடப்பட்டுவிட்டது. அவர் பட்டியலின் இன்றைய வாரிசு, 528 உணவுகளோடு 2017-ல் வெளிவந்த ‘இந்திய உணவுக் கலவை அட்டவணைகள்’. நியூட்ரிஷன் மாணவர்களுக்கு இது கிட்டத்தட்ட டிக்‌ஷனரி.

சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலனையும் சொல்லாமல் விட முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூரில் சேர்ந்து, அந்த ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போனபோது கூடவே போய் அதை வளர்த்தவர். ஐ.சி.எம்.ஆர் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1950, 60-களில் உலகம் முழுக்க ‘புரதப் பற்றாக்குறைதான் ஏழை நாடுகளின் பிரச்னை’ என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் குழந்தைகளுக்கு முதல் பற்றாக்குறை கலோரியில் என்று ஆய்வோடு வாதிட்டார். வழக்கமான சாதமும் பருப்பும் போதுமான அளவு கிடைத்தாலே புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்றார். டப்பா டப்பாவாகப் புரத மாவு தயாரிக்கக் கிளம்பியவர்களுக்கு அது பிடித்திருக்காது. 100 வயது வாழ்ந்து 2019-ல் மறைந்தார். நெடுஞ்சாலை ஜிம்களில் புரோட்டீன் பவுடர் போஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அவர் ஞாபகம் வருகிறது.

சரி, என் தங்கச்சி எங்கே சேர்வது?

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்தவர்கள் பி.எஸ்ஸி நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் அல்லது மனையியல் சேரலாம். பிறகு எம்.எஸ்ஸி. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் அதன்மேல் நெட் அல்லது செட் தேர்வில் தேர்ச்சி, இல்லையென்றால் பிஹெச்.டி. நெட் தேர்வில் இந்தப் பாடம் ‘ஹோம் சயின்ஸ்’ என்ற தலைப்பில் வரும். பொது சுகாதாரத்தில் எம்.பி.ஹெச் என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 1932-ல் தொடங்கிய கொல்கத்தாவின் அகில இந்தியப் பொது சுகாதார நிறுவனம் போன்றவை இந்தத் துறையின் பெரிய பெயர்கள். எம்.பி.ஹெச் சேர எந்தப் பட்டம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம்? யு.ஜி.சி விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால், அந்த எண்ணைப் பார்த்து மட்டும் கனவு காண வேண்டாம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளர்களாகவே வருடங்களைக் கடத்துபவர்கள் ஏராளம். தனியார் கல்லூரிகளில் இதற்குப் பாதிகூட வராது என்பதுதான் நிஜம். ஆசிரியர் வேலை ஒன்றை மட்டும் நம்பி இறங்காமல், பக்கத்து வாசல்களையும் பார்த்து வைக்க வேண்டும். மருத்துவமனையில் டயட்டீஷியன் வேலை இருக்கிறது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அதிகாரி பணிக்கு டி.என்.பி.எஸ்.சி தேர்வு நடத்தும்போது இந்தப் பட்டம் செல்லும். யுனிசெஃப் மாதிரியான அமைப்புகளின் திட்டங்களுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. தங்கச்சியின் திட்டம், வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் நியூட்ரிஷன் படிப்பது. அந்தக் கதவு மூடிவிட்டது. 2021-ல் வந்த தேசியத் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் ஊட்டச்சத்து நிபுணர்களும் வருகிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி சொல்லிவிட்டது. 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உணவு மற்றும் ஊட்டச்சத்துப் படிப்பும் இதில் அடக்கம்.

தரத்துக்காக எடுத்த முடிவு என்பது புரிகிறது. தபாலில் படித்துவிட்டு சர்க்கரை நோயாளிக்கு டயட் சார்ட் எழுதுவது ஆபத்துதான். ஆனாலும், ரத்தசோகை என்றால் என்ன என்று தன் உடம்பிலேயே தெரிந்துவைத்திருக்கிற, மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிற ஒரு பெண்ணுக்கு ‘வேலையை விடு, இல்லை படிப்பை விடு’ என்பதுதான் இதன் அர்த்தம். மாலை நேரக் கல்லூரி, கம்பெனிகளோடு சேர்ந்து நேரடி வகுப்பு என்று ஏதாவது ஒரு வழியை யாராவது யோசித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

நல்ல செய்தி ஒன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தங்கச்சி முழுக்க அரசுப் பள்ளி. ‘அதை வெச்சு என்னக்கா பண்றது?’ என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பஸ் பாஸ், நோட்டு, மாதவிடாய் நாப்கின், ரீசார்ஜ். “இதுக்கு சரியா வந்துரும். ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும்தான் பார்க்கணும்” என்றாள். இரண்டு வருடமாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறதாம். அது அவள் கல்யாணத்துக்கென்று சித்தி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு மறுபடி பென்னலூர் போனேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். ரூமில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஆறு பேரும் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு, வாரத்துக்கு மூன்று நாள் பயறு ஊறப்போட்டுச் சுண்டல் செய்கிறார்கள். முட்டை ஆளுக்கு ஒன்று, பாதிக் கணக்கு ரத்து. கேன்டீனில் பொரியலை வைத்துவிட்டு வந்தால் மற்ற ஐந்து பேரிடமும் திட்டு விழும். டீயை மட்டும் இரண்டாகக் குறைக்க முடிந்திருக்கிறது, அதற்கும் கீழே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. முருங்கைக்கீரை வாங்கி வந்த அன்று, அதை யார் ஆய்வது என்று பெரிய சண்டையாம். செகண்ட் ஷிஃப்ட் முடித்து 11 மணிக்கு வந்து கீரை ஆய்ந்து பாருங்கள், உங்களுக்கும் சண்டை வரும்.

ராஜம்மாளின் போட்டோவை இன்டர்நெட்டில் தேடி எடுத்து ரூம்மேட்களிடம் காட்டியிருக்கிறாள். “எங்க ஊர்க்காரம்மா” என்ற அறிமுகத்தோடு. கோயம்புத்தூர் காலேஜ் அப்ளிகேஷன் எப்போது வரும், இரண்டு வருட இடைவெளி இருந்தால் சேர்த்துக்கொள்வார்களா, சித்தியிடம் யார் பேசுவது என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் ரெடி: நான்தான்.

கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு ஓடியவள், தெருமுனையில் நின்று திரும்பிக் கத்தினாள்.

“அக்கா, அதைக் கேட்க மறந்துட்டேன்... அந்த காலேஜ் ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி இருக்கும்?”